வீரமலை எழுதாத மாதங்கள்

பாலக்கரையில் ஜமால் பாயின் பைண்டிங் கடையில் ஒரு சட்டம் உண்டு. ஆய்வேடு யாருடையதானாலும், அட்டை போடுவதற்கு முன்னால் கொண்டு வந்தவரே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை புரட்டிப் பார்த்துவிட்டு, "சரி" என்று வாயால் சொல்ல வேண்டும். எப்போதோ ஒருத்தருடைய ஆய்வேட்டில் ஓர் அத்தியாயம் தலைகீழாகக் கட்டப்பட்டுப் போய், அந்த மனிதர் கடை வாசலில் நின்று அழுததிலிருந்து இந்தச் சட்டம். அவசரம் என்று யார் சொன்னாலும் பாய் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டுப் பசை கலக்கப் போய்விடுவார்.

ஜூன் மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது, மத்தியானம் இரண்டரை மணிக்கு அந்த ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள் பானுப்ரியா. வயது நாற்பத்து நான்கு. ஒரு கல்லூரியின் புவியியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். இந்த நாட்டில் ஒருவருக்கு நிரந்தர வேலை கொடுக்க மனமில்லாவிட்டால் கௌரவம் கொடுத்துவிடுவார்கள். பதினோரு வருஷமாக அவளுக்கு அதுதான் கிடைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் பட்டம் கையில் இருந்தால்தான் நிரந்தர வேலைக்கு மனுவே போடலாம். அந்தப் பட்டத்துக்காக எட்டு வருஷத்துக்கு முன் பகுதி நேர ஆய்வாளராகப் பெயர் பதிந்தாள். நீட்டிப்பு வாங்கி, நீட்டிப்புக்கும் நீட்டிப்பு வாங்கி, அந்தக் கடைசி நீட்டிப்பும் நாளை மாலை ஐந்து மணியோடு முடிகிறது. அதற்குள் ஐந்து பிரதிகளைப் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட்டால் கரை ஏறிவிடலாம். தவறினால் பதிவு ரத்து. மறுபடி முதலிலிருந்து விண்ணப்பிக்க வேண்டும். நெறியாளரும் நாளையோடு ஓய்வு பெறுகிறார், புது ஆள் தேட வேண்டும். நாற்பத்து நான்கு வயதில் யார் வீட்டு வாசலில் போய் நிற்பது?

அதனால் அவள் பக்கங்களைப் புரட்டினாளே தவிர, பார்க்கவில்லை. எல்லாம் நூறு தடவை பார்த்ததுதான். கண் ஓடியது, கை தள்ளியது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கை நின்றது.

அது ஒன்பதாம் எண் கிணற்றின் வரைபடம். பன்னிரண்டு வருஷத்து நீர்மட்டம், ஒரே நீலக் கோடாக, ஏறி இறங்கி, எங்கேயும் அறுபடாமல் போயிருந்தது. லட்சணமான கோடு. 2017 மே மாதத்துக்கு நேரே, தரையிலிருந்து ஒன்பதரை மீட்டர் ஆழத்தில் தண்ணீர் இருந்ததாகக் காட்டியது. கிணற்றின் மொத்த ஆழம் பதினான்கு மீட்டர் என்று படத்துக்குக் கீழேயே அச்சிட்டிருந்தது. பதினான்கில் ஒன்பதரை போனால் நாலரை. நாலரை மீட்டர் தண்ணீர்.

2017 மே மாதத்தில் பானுப்ரியா அந்தக் கிணற்றுக்குள் நின்றிருக்கிறாள்.

ஆய்வுக்காக அவள் முதன்முதலில் அந்த ஊருக்குப் போன நாள் அது. வீரமலை படிக்கட்டைக் காட்ட, இவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அடி வரைக்கும் இறங்கினாள். பாளம் பாளமாக வெடித்த சேற்றின் மேல் நின்று அண்ணாந்து சிரித்தாள். மேலே நின்ற அவளுடைய கணவர் போட்டோ எடுத்தார். அந்தப் போட்டோ இன்னமும் லேப்டாப்பில் இருக்கிறது. வரைபடம் சொல்வது நிஜமானால், அன்றைக்குச் சிரித்துக்கொண்டு நின்றவளின் தலைக்கு மேலே இன்னும் கிட்டத்தட்ட இரண்டு ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றிருக்க வேண்டும்.

"சரியாம்மா?" என்று உள்ளேயிருந்து கேட்டார் ஜமால் பாய்.

"சரி பாய். கட்டுங்க" என்றாள்.

அவள் வாயில் அப்படித்தான் வந்தது. சமீப காலமாக யார் எதைக் கேட்டாலும் அவளுக்கு அதுதான் வந்துகொண்டிருந்தது. பாய் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய் அழுத்தும் இயந்திரத்தில் வைத்தார். பானுப்ரியா அதே ஸ்டூலில் உட்கார்ந்து, மடியில் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள்.

வீரமலை யார் என்று சொல்லியாக வேண்டும். சமயபுரம் தாண்டி, நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே எட்டுக் கிலோமீட்டர் போனால் கருங்காட்டுப்பட்டி. ஆற்றுப் பாசனம் எட்டாத மேட்டு நிலம். கிணறு இருந்தால் பயிர், இல்லாவிட்டால் கருவேல முள். அங்கே ஒரு தொண்டு நிறுவனம் வந்து மழைத் தண்ணீரைத் தேக்கி நிலத்துக்குள் இறக்குவதற்கு ஒரு பெரிய குட்டை வெட்டியது. குட்டையால் கிணறுகளுக்குப் பலன் உண்டா என்று பார்க்க, பதினான்கு கிணறுகளுக்கு எண் போட்டு, மாதம் ஒரு தடவை நீர்மட்டம் அளந்து எழுதும்படி வீரமலையிடம் ஒரு அளவு நாடாவையும் நீள நோட்டுகளையும் கொடுத்தது. மூன்று வருஷத்தில் நிறுவனம் மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டது. அளப்பதை நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை, வீரமலையும் நிறுத்தவில்லை. ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, நாடாவின் நுனியில் ஒரு பெரிய இரும்பு நட்டைக் கட்டிக்கொண்டு, பதினான்கு கிணற்றையும் சுற்றி வந்துவிடுவார். பிற்பாடு சேர்ந்ததோடு பன்னிரண்டு வருஷம், நாலு நோட்டு. இப்படி ஒரு பொக்கிஷம் ஒரு மனிதரின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது என்று தெரிந்ததும் பானுப்ரியாவுக்கு அன்று கால் தரையில் பாவவில்லை. குட்டை கிணறுகளைக் காப்பாற்றியதா என்பதே தன் ஆய்வு என்று முடிவு செய்தாள்.

முதல் நாளே நோட்டைப் புரட்டும்போது அவள் கேட்டாள். "அங்கங்க கட்டம் காலியா இருக்கே, என்னண்ணே?"

வீரமலை கொஞ்சம் கூச்சத்தோடு வேறு பக்கம் பார்த்தார். "அந்த மாசம் அது கெடந்துச்சுங்க" என்றார். "அதைப் போயி எப்படிங்க எழுதுறது, கிணத்தப் பார்த்து."

அவளுக்குப் புரிந்தது. லால்குடிப் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்தவளுக்குப் புரியாமல் என்ன? அவள் வீட்டிலும் அரிசிப் பானை துடைத்துக் கிடந்தால் "அரிசி வாங்கணும்" என்பார்களே தவிர, "அரிசி இல்லை" என்று ஒருத்தி வாய் திறந்து சொல்லமாட்டாள். சோறு போடுகிற கிணற்றைப் பார்த்து 'வறண்டது' என்று கைப்பட எழுதினால், அந்த எழுத்து அப்படியே பலித்துவிடும் என்று ஒரு பயம். எழுதாமல் விட்டால் பழி தன் கையில் இல்லை. காலிக் கட்டம் என்றால் தண்ணீர் இல்லை என்று அர்த்தம். பானுப்ரியாவுக்கு இது அவ்வளவு இயல்பாக இருந்ததால், யாருக்கும் விளக்க வேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. நோட்டுகளைப் பார்த்துக் கம்ப்யூட்டரில் ஏற்றியபோது அவளும் அந்தக் கட்டங்களைக் காலியாகவே விட்டாள். படித்தவள் கைக்கும் வரவில்லை என்பதுதான் விஷயம்.

அப்புறம் வருஷங்கள் போயின. கிணற்றுக்குள் நின்ற ஒருத்திக்கு அது எப்படி மறந்தது என்று கேட்பது சுலபம். மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து, இரண்டு வருஷம் படுக்கையில் கிடந்து போய்ச் சேர்ந்தார். நடுவில் கொரோனா. மகளின் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு. கல்லூரியில் பாடம் நடத்துவதோடு தேர்வுப் பணி, வெள்ளப் பணி, தேர்தல் பணி, ஆண்டு விழாவில் கோலப் போட்டிக்கு நடுவர் பணி. காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, இரண்டு பஸ் மாறிப் போய் வந்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் ஆய்வுக்கு உட்காருவாள். அந்த நேரத்தில் ஒன்பதாம் கிணறு கிணறாக இல்லை, தலைப்பு வரியையும் சேர்த்து அட்டவணையில் பத்தாவது வரிசையாக இருந்தது.

கடைசி வருஷத்தில் நெறியாளர் ஸ்ரீனிவாசராகவன் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். எக்ஸெல்லில் போட்ட படங்களை இப்போது யாரும் மதிப்பதில்லை, முறையாக நிரல் எழுதித்தான் கணக்குப் போட வேண்டும் என்றார். நிரல் என்றால் பானுப்ரியாவுக்கு அட்சரம் தெரியாது. கணினித் துறையில் முழு நேர ஆய்வாளராக இருந்த ஆலியாதான் ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பை வாங்கி, நிரல் எழுதித் தரும் ஏஐ ஒன்றைப் போட்டுக் கொடுத்தாள். "அக்கா, உங்களுக்கு என்ன வேணும்னு தமிழ்ல அடிச்சாக்கூடப் போதும். அதுவே எழுதிக் குடுத்துரும். நீங்க படிச்சுப் பார்த்துட்டு ஆக்செப்ட் குடுங்க."

குறை சொல்லக்கூடாது, அது ஒரு தங்கமான பிறவி. எட்டு வருஷத்தில் அவளிடம் ஒரு தடவைகூட முகம் சுளிக்காதவர்கள் என்று கணக்கெடுத்தால் அது ஒன்றுதான் மிஞ்சும். நாலு தடவை ஒரே கேள்வியைக் கேட்டாலும் முதல் தடவை மாதிரியே பதில் சொன்னது. சிவப்பு சிவப்பாகப் பிழை வந்தால் தானே திருத்திக் கொடுத்தது. செய்ததையெல்லாம் ஒளிக்காமல் நீளமாக எழுதியும் வைத்தது. ஆரம்பத்தில் அவள் வரி வரியாகப் படித்தாள். அப்புறம் மேலே இரண்டு வரி, கீழே இரண்டு வரி. அப்புறம் கண்டக்டர் கொடுக்கிற டிக்கெட்டை வாங்கிப் பார்க்காமலே பைக்குள் போடுவது மாதிரி, ஆக்செப்ட், ஆக்செப்ட், ஆக்செப்ட்.

ஜமால் பாயின் கடையில் பசை வாசனைக்கு நடுவே பானுப்ரியா அந்தப் பழைய உரையாடலைத் தேடிப் பிடித்தாள். பிப்ரவரி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. நீளமான பதிலின் நடுவே அது எழுதியிருந்தது. விடுபட்ட நூற்றுப் பதினெட்டு மதிப்புகளை, அந்தந்தக் கிணற்றில் அந்தந்த மாதத்தின் மற்ற வருஷச் சராசரியைக் கொண்டு நிரப்பியிருக்கிறேன். இவை ஏன் காலியாக இருக்கின்றன என்று உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள், முறையை மாற்ற வேண்டி வரலாம்.

கேட்டிருக்கிறது. வாய்விட்டுக் கேட்டிருக்கிறது. அவளுக்குப் பதில் தெரியும். உலகத்திலேயே வீரமலைக்கு அடுத்தபடி அவளுக்கு மட்டும்தான் தெரியும். கேள்விக்குக் கீழே அவளுடைய பதில் இருந்தது. ஆக்செப்ட்.

இப்போது சொன்னாள். தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி, அந்தக் கட்டங்களில் தண்ணீர் இல்லை, கிணறு காய்ந்து கிடந்தது, அதனால் எழுதவில்லை என்றாள். அது உடனே, சொன்னதற்கு நன்றி, இது முடிவை மாற்றக்கூடும், கிணற்றின் முழு ஆழத்தை வைத்து மறுபடி கணக்கிடுகிறேன் என்றது. நாலு நிமிஷம். நீலக் கோடு புதிதாக வந்தது. கோடை தோறும் கிணற்றின் அடிமட்டத்தில் போய் முட்டிக்கொண்டு, வருஷத்துக்கு வருஷம் அங்கேயே அதிக நாள் கிடந்தது. குட்டையால் கோடை நீர்மட்டம் நிலையாக இருக்கிறது என்று ஐந்தாம் அத்தியாயம் முழுக்க நாற்பது பக்கம் எழுதியிருந்தாள். குட்டையால் கோடையில் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றது புதுக் கோடு. ஒரு வார்த்தையை அடித்துத் திருத்துகிற சமாச்சாரம் இல்லை இது. இரண்டு அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுத வேண்டும்.

"இந்தாங்கம்மா" என்று பாய் ஐந்து பிரதிகளைக் கொண்டு வந்து வைத்தார். கறுப்பு ரெக்ஸின் அட்டை, தங்க எழுத்து. "பேரு நல்லா விழுந்துருக்கு பாருங்க. இன்ஷா அல்லா, அடுத்த தடவை டாக்டரம்மாவா வருவீங்க." அட்டை இன்னும் சூடாக இருந்தது. அவளுக்கு அழ வேண்டும் போல் இருந்தது, ஆனால் அதற்கும் தெம்பில்லை.

ஸ்ரீரங்கத்தில் வடக்கு உத்திர வீதி வீட்டில், ஸ்ரீனிவாசராகவன் முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாளைக்கு அவருக்கும் கடைசி நாள். ஊஞ்சல் பூராவும் அலுவலகக் காகிதங்கள்.

"வாங்கோ, வாங்கோ. பைண்ட் பண்ணியாச்சா? பெருமாள் கிருபை. கொண்டாங்கோ, கையெழுத்தப் போட்டுடறேன்."

பானுப்ரியா பிரதிகளைக் கொடுக்காமல் விஷயத்தைச் சொன்னாள். அவர் பேனா மூடியைக் கையில் வைத்துக்கொண்டே முழுக்கக் கேட்டார்.

"காலி இடத்த ரொப்பினதா தீஸிஸ்ல எழுதியிருக்கேளோ இல்லையோ?"

"ஒரு வரி இருக்கு சார். விடுபட்ட தரவுகள் உரிய முறையில் நிரப்பப்பட்டனன்னு."

"அப்பறம் என்ன? உரிய முறைன்னு போட்டுட்டேளே."

அவள் பிரதிகளை மடியிலேயே வைத்திருந்தாள். அவர் சிரிக்கவில்லை. பேனாவை மூடியில் செருகி, மறுபடி எடுத்தார்.

"இதோ பாருங்கோம்மா, தப்பில்லைன்னு நான் சொல்லலை. நேக்கும் அது தெரியும். நாளைக்கு விட்டேள்னா எட்டு வருஷத்த விடறேள். அதத்தான் சொல்றேன். இப்போ குடுத்துடுங்கோ. வைவால யாராவது கேட்டா பாத்துக்கலாம். கேக்கமாட்டா. யார் இப்போ நூத்திப் பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் படிக்கறா?" கொஞ்ச நேரம் தெருவைப் பார்த்தார். "நானே படிக்கலையே."

அதைச் சொன்னபோது அவர் குரல் இறங்கிவிட்டது. கெட்ட மனிதர் இல்லை. முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்துக் களைத்தவர். ஐந்து பிரதியிலும் நிதானமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மாமி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு அவள் கிளம்பினாள்.

வீட்டில் அவள் கணவர் நல்லுசாமி, மின்வாரிய வேலை முடிந்து வந்து, அன்றைக்கும் அவரே தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். எட்டு வருஷத்தில் பாதி நாள் அவர்தான் ஊற்றியிருக்கிறார். அட்டையில் விரலை வைத்துத் தடவி, மனைவியின் பெயரை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்தார்.

"என்னங்க, ஒன்பதாம் நம்பர் கிணத்துல நான் எறங்கி நின்னேனே, ஞாபகம் இருக்கா?"

"இல்லாம என்ன? செருப்பக் கையில வச்சுக்கிட்டு" என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு தோசையைக் கருக விட்டுவிட்டு, "உன் இஷ்டம் பானு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "ஆனா போதும்னு இருக்கு. உனக்கும் எனக்கும்" என்றார். அதுவும் நிஜம்தான்.

மறுநாள் பன்னிரண்டே முக்காலுக்கு அவள் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு வாங்கும் ஜன்னலுக்கு முன் வரிசையில் நின்றாள். அவளுக்கு முன்னால் மூன்று பேர். பையில் ஐந்து பிரதி, தோள் இற்றுப் போகிற கனம். அங்கே நிற்கும்போது அவளுக்கு ஒரு நப்பாசை வந்தது. எல்லாக் காலிக் கட்டமும் காய்ந்த கிணறுதானா? மனிதர் சில மாதம் ஊரில் இல்லாமல் இருந்திருக்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கலாம். பாதிக்குப் பாதி அப்படி இருந்தால்கூட மனசைத் தேற்றிக்கொண்டு கொடுத்துவிடலாம். போனை எடுத்து வீரமலையைக் கூப்பிட்டாள். பேசி மூன்று வருஷம் ஆகியிருந்தது.

"யாரு, பானு டீச்சரா? நல்லா இருக்கீங்களா? புள்ள என்ன படிக்குது?"

நலம் விசாரித்து முடித்து அவள் கேட்டாள். "அண்ணே, நோட்டுல சில மாசம் காலியா விட்டிருக்கீங்கல்ல? அதுல சிலது நீங்க ஊர்ல இல்லாம விட்டதா?"

"நான் எங்கங்க போறது? ஒரு மாசங்கூடத் தவறுனதில்லைங்க. மகளுக்குக் கல்யாணம் ஒண்ணாம் தேதி விழுந்துச்சு, விடியறதுக்குள்ள போயி அளந்துட்டு வந்துதான் மாப்பிள்ளை அழைப்புக்கு நின்னேன். நாடாவ விடுவேன். நட்டு அடியில போயி டொக்குனு தட்டும். சுத்திக்கிட்டு வந்துருவேன். அவ்வளவுதான், எழுதமாட்டேன்."

வரிசை ஒரு ஆள் நகர்ந்தது.

"புஸ்தகம் முடிஞ்சிருச்சா டீச்சர்?"

"முடிஞ்சிருச்சுண்ணே. கையில வச்சிருக்கேன்."

"நம்ம கிணத்தப் பத்தி என்னங்க போட்டிருக்கு?"

பொய் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது. ஆனால் தனியாக ஒரு பொய் தேவைப்படவில்லை, அட்டைக்குள் இருப்பதைச் சொன்னாலே போதும். "கோடையிலயும் தண்ணி இருந்துச்சு, வத்தலைன்னு போட்டிருக்குண்ணே."

திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள்.

"அப்படியா போட்டிருக்கு?" வீரமலையின் குரல் குழந்தை மாதிரி ஆகிவிட்டது. "நல்ல வார்த்தைங்க. படிச்சவங்க கையால நல்ல வார்த்தை எழுதிட்டீங்க. மகமாயி அப்படியே ஆக்கட்டும். நீங்க நல்லா இருக்கணும்." பிறகு போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு சத்தம் போட்டார். "ஏ, ரெங்கம்மா! டீச்சரு நம்ம கிணத்துல தண்ணி இருக்குன்னு புஸ்தகத்துல எழுதிட்டாங்களாம்!"

வீரமலையின் மனைவி ரெங்கம்மாளின் குரல் தூரத்திலிருந்து, ஆனால் தெளிவாகக் கேட்டது. "இருக்குதாமா? அப்ப நான் காலையிலேர்ந்து எந்தக் கருமத்துக்கு லாரித் தண்ணிக்குக் கொடத்த வச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்? கேட்டுச் சொல்லு."

"சும்மா இருடி, நல்ல நேரத்துல" என்று அவளை அடக்கிவிட்டு, வீரமலை போனுக்குத் திரும்பினார். "அவ கெடக்குறாங்க டீச்சர். நீங்க ஒண்ணும் நினைச்சுக்காதீங்க. ரொம்ப சந்தோசம். வச்சிரட்டுங்களா?"

வைத்துவிட்டார்.

"அம்மா, உங்க டர்ன்" என்றார் ஜன்னலுக்குள் இருந்த எழுத்தர். "சீக்கிரம் குடுங்க, சாப்பாட்டு நேரம்."

பானுப்ரியா ஜன்னல் பலகை மேல் பையை வைத்தாள். ஜிப்பைத் திறந்தாள். கறுப்பு அட்டைகளும் தங்க எழுத்தும் தெரிந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சார், பதிவு ரத்தானா மறுபடி ரிஜிஸ்டர் பண்றதுக்கு ஃபாரம் எங்க தருவாங்க?"

எழுத்தர் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "தீஸிஸ்தான் கையிலயே இருக்கே. அது எதுக்கு உங்களுக்கு?"

"இது முடியலைங்க சார்."

"அடுத்த ஜன்னல். ரெண்டு மணிக்குத் திறப்பாங்க" என்று சொல்லிவிட்டு, அவர் தட்டியை இழுத்து மூடினார்.

வராந்தாவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு இருந்தது. அதில் உட்கார்ந்து பையைக் காலடியில் வைத்தாள். பெரிய துணிச்சல் எதுவும் அவளுக்கு வந்துவிடவில்லை. வீட்டில் எப்படிச் சொல்வது, அடுத்த வருஷமும் கௌரவமாகவே இருப்பதா, புது நெறியாளர் யார், இன்னும் எத்தனை ஞாயிற்றுக்கிழமை, எல்லாம் சேர்ந்து உடம்பை அழுத்தியது. இடுப்பு வலித்தது. பசித்தது. அந்த மனிதர் சந்தோஷப்பட்டதுதான் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் கொடுத்துவிட்டு வந்திருப்பாளோ என்னவோ.

லேப்டாப்பைத் திறந்து அட்டவணையை எடுத்தாள். அந்த ஏஐயிடம் ஒரு வார்த்தை சொன்னால் நூற்றுப் பதினெட்டுக் கட்டத்தையும் ஒரு நொடியில் நிரப்பிவிடும். சொல்லவில்லை. ஒன்பதாம் கிணறு, 2017, சித்திரைக் கட்டத்தில் போய் நின்றாள். பூஜ்யம் போட முடியாது. பூஜ்யம் என்றால் தரை மட்டத்துக்குத் தண்ணீர் ததும்புகிறது என்று ஆகிவிடும். வார்த்தைதான் எழுத வேண்டும். விரல் விசைக்கு மேலே வந்து நின்றுவிட்டது. கிணற்றைப் பார்த்து அதை எப்படி எழுதுவது என்று அவளுக்கும்தான் இருந்தது. எட்டு வருஷத்துக்கு முன் வீரமலை வேறு பக்கம் பார்த்தாரே, அதே மாதிரி அவளும் ஒரு தடவை தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டாள். அப்புறம் தட்டினாள். வறண்டது.

அடுத்த கட்டம். வைகாசி. வறண்டது. ஆனி. வறண்டது. ஒவ்வொன்றுக்கும் நாடா இறங்குகிற நேரம் கொடுத்து, நட்டு அடியில் தட்டுகிற சத்தத்தை மனசுக்குள் கேட்டுவிட்டு எழுதினாள். வேகமாக எழுத வரவில்லை.

இரண்டு மணிக்கு எழுத்தர் கை துடைத்துக்கொண்டு வந்து, அவள் இன்னும் அங்கேயே இருப்பதைப் பார்த்தார். அவருக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது, கிட்டே வந்தார். "அம்மா, அஞ்சு மணி வரைக்கும் நேரம் இருக்கு. சின்னச் சின்னத் தப்பையெல்லாம் யாரும் பாக்கமாட்டாங்க. குடுக்கறதா இருந்தா இப்பக்கூடக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

பானுப்ரியா திரையிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"இல்லைங்க சார்" என்றாள். "இன்னும் நாப்பத்தொண்ணு இருக்கு."